இத்தாலிக்காரன் பனியன்

பனியன் என்பது சட்டைக்குள்ளே இருந்துகொண்டு வியர்வையை வாங்கிக்கொள்வதற்காகவே பிறந்த ஓர் அடக்கமான ஜீவன், அது வெளியே தலைகாட்டினால் போட்டிருப்பவர் ஒன்று வயலில் நிற்கிறார் அல்லது வீட்டுத் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் உங்களுக்கும் அறுபதை ஒட்டி வயதிருக்கும், முழங்கால் வலியும் இருக்கும். வாருங்கள், உட்காருங்கள். டீ சொல்கிறேன்.

1983-ல், பதினாறு வயதில், ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே வானத்தை நம்பியிருந்த ஓர் ஊரிலிருந்து, உரச்சாக்கில் தைத்த பையோடு நான் திருப்பூரில் வந்து இறங்கினேன். எனக்கு முன்னாலேயே இங்கே வந்து, பொங்கலுக்குக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய ஒரு பங்காளி அண்ணன்தான் கூட்டிவந்தார். அந்தக் கடிகாரம் ஓடாது என்பது திருப்பூர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குள் என்னைக் கைமடியாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். கைமடி என்றால் டைலருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பெடலை அழுத்த அழுத்த மிஷினிலிருந்து வந்து விழும் துணியைப் பிடித்து, நூலை வெட்டி, மடித்து அடுக்கும் வேலை. ஷிப்டுக்கு ஆறு ரூபாய். ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட், ஒன்பது ரூபாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கு அவனை அங்கே உட்காரவைத்தால் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு உட்காரவைத்ததற்கு நன்றியாக அவன் அம்மா முதலாளிக்கு ஒரு கோழி கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் ஆனால் எங்கள் எல்லோர் தலையிலும் பஞ்சு படிந்து வெளுத்திருக்கும். ஒருவரையொருவர் 'கிழவா' என்று கூப்பிட்டுச் சிரிப்போம். தட்டினால் உதிர்ந்துவிடும். இப்போதும் சில சமயம் பழக்கதோஷத்தில் தட்டிப் பார்க்கிறேன், உதிர்வது முடிதான்.

வெரோனா என்ற இத்தாலிக்காரர் 1978-ல் வெள்ளை டீ-ஷர்ட் தேடிக்கொண்டு பம்பாய் வழியாக வந்தார், எல்லாம் அவரில் தொடங்கியது என்று இந்த ஊருக்கு ஒரு ஸ்தலபுராணம் உண்டு. நான் வந்தபோது அந்தப் புராணத்துக்கு ஐந்து வயதுதான். ஆனாலும் அவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார், எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார் என்பது வரை டீக்கடையில் விவரமாகச் சொல்வார்கள். கடைக்குக் கடை சட்டையின் கலர் மட்டும் மாறும். அதுவரைக்கும் 1920களிலிருந்து உள்பனியன் பின்னிக் கல்கத்தாக்காரர்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த ஊர், திடீரென்று கடல் தாண்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லை நாங்கள் சாமி பெயர் மாதிரி உச்சரித்தோம். உள்நாட்டுக் கம்பெனியில் டைலராக இருப்பவரைவிட எக்ஸ்போர்ட் கம்பெனியில் கைமடியாக இருப்பவனுக்கு டீக்கடையில் மரியாதை கூடுதல். இருவருக்கும் கடன் மட்டும் ஒரே அளவுக்குத்தான் தருவார்கள்.

முதன்முதலாக ஓர் எக்ஸ்எல் பனியன் என் மடியில் வந்து விழுந்த நாள் நினைவிருக்கிறது. அளவு தப்பாக வெட்டிவிட்டார்கள் என்று கட்டிங் மாஸ்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "உன்னை மாதிரி ரெண்டு பேரு சேந்தா அங்க ஒரு ஆளு" என்றார். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு கைமடிகள் ஒரே பனியனுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு கையை வெளியே நீட்டிக்கொண்டு, அது உண்மைதான் என்று நிரூபித்தோம். வெள்ளைக்காரன் இதை உள்ளே போடுவானா வெளியே போடுவானா என்பது அடுத்த ஒரு வாரத்துக்கு எங்கள் பட்டிமன்றத் தலைப்பு. வெளியேதான் என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னபோது, இவ்வளவு பணக்கார தேசத்தில் மேலே போட ஒரு சட்டை கிடைக்காதா என்று நான் மனதாரப் பரிதாபப்பட்டேன்.

அந்த வருடம்தான் என் வாழ்க்கையின் முதல் வெளிநாட்டு உடையை வாங்கினேன். பிரிண்டிங்கில் ஓரமாக மை இழுத்துவிட்டதால் ஒதுக்கிய சரக்கு, நாலு ரூபாய். நெஞ்சு முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அது எக்ஸ்போர்ட், அவ்வளவுதான். மாரியம்மன் நோன்புக்கு ஊருக்குப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு, தேவையே இல்லாமல் கோயிலை மூன்று தடவை சுற்றி, என் முறைப்பெண் நின்றிருந்த பக்கமாக நாலாவது தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ஊர் வாத்தியார் கூப்பிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில், கூட்டத்துக்கே கேட்கும்படி மொழிபெயர்த்தார்: "நான் ஒரு இத்தாலிக்காரன். எனக்கு முத்தம் கொடுங்கள்."

அதற்கப்புறம் மாவிளக்கை யாரும் பார்க்கவில்லை. நான் ஒட்டன்சத்திரம் வரை நடந்தே போய் பஸ் ஏறினேன். ஐந்து வருடம் கழித்து அந்த முறைப்பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன் என்றாலும், இந்த நாள் வரைக்கும் என் மீது கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் அவள் கூப்பிடுவது ஒரே பெயர்தான். உலகமயம் என்பதற்குப் பொருளாதார மேதைகள் என்னென்னவோ விளக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது, தான் என்ன எழுதிய சட்டையைப் போட்டிருக்கிறோம் என்று தெரியாத ஒருவன் கோயிலைச் சுற்றிவருவது.

அந்தக் கம்பெனிக்குள் எத்தனை சின்னச் சின்னச் சுகங்கள் இருந்தன என்று இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பையன் தூக்குப்போசியில் டீ கொண்டுவருவான்; அவன் படியேறும் சத்தத்துக்கு முன்னாலேயே வாசம் ஏறிவந்துவிடும்; வர்க்கியை டீயில் முக்கி, அது கரைந்து உள்ளே விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாய்க்குக் கொண்டுபோகிற வித்தையில் நான் அந்த வரிசையிலேயே கெட்டிக்காரன். மாஸ்டரின் மேஜைக்கு மேலே ஒரு ரேடியோ. இலங்கை வானொலியில் பிடித்த பாட்டு வந்தால் ஓவர்லாக்காரர் அந்த வேகத்துக்கு மிஷினை ஓட்டுவார், சோகப் பாட்டு வந்தால் புரொடக்‌ஷன் குறையும், முதலாளி வந்து ரேடியோவை முறைத்துவிட்டுப் போவார். சனிக்கிழமை ராத்திரி சம்பளம். கவரில் போட்டுத் தருவார்கள், எண்ணிப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கழிப்பறைக்குள் போய் எண்ணுவோம். பிறகு புரோட்டாக் கடை, பிறகு இரண்டாவது ஆட்டம். 'முந்தானை முடிச்சு' படத்தை நான் எத்தனை சனிக்கிழமை பார்த்தேன் என்பதை என் மனைவிக்கு இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை.

இன்றைக்கு அதே மாதிரி ஒரு கம்பெனிக்குள் போனால் ஏசி ஓடுகிறது. ஜப்பான் ஜூகி மிஷின்கள் முனகுவதுகூட இல்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு இன்ஜினியரிங் படித்த ஒரு பையன் நிற்கிறான். ஒரு கை ஏற்ற எத்தனை வினாடி, கழுத்துப்பட்டி வைக்க எத்தனை வினாடி என்று எழுதிக்கொள்கிறான். அவன் கணக்கில் வர்க்கி கரைகிற அந்த ஒரு நொடிக்கு இடம் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் சம்பளம் எண்ணிய அந்தக் கழிப்பறைக்குக் கதவு பாதிதான் இருந்தது, ஐம்பது பேருக்கு அது ஒன்றுதான், செக்கிங் வேலை செய்த பெண்கள் அதற்குப் பயந்துகொண்டு தண்ணீரே குடிக்கமாட்டார்கள். இப்போது வரிசையாக எட்டுக் கழிப்பறை, டைல்ஸ், சோப்பு. ஏக்கத்தில் உட்கார்ந்து கடந்தகாலத்துக்குச் சந்தனம் பூசும்போதெல்லாம் அந்தப் பாதிக் கதவு வந்து இடிக்கிறது.

1984-ல் பஞ்சப்படி கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்தது. எங்கள் சங்கத்து ஆள் பேசிய பேச்சைக் கேட்டு மூன்று நாளில் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். மூன்று நாளைக்கு மூன்று படம் என்று திட்டமும் போட்டேன். 127 நாள் நடந்தது. படமும் போயிற்று, படம் பார்க்கிற காசும் போயிற்று. நாலு பேர் ஒரே அறையில், லைன் வீட்டில், நாற்பது ரூபாய் வாடகை. மாதம் திரும்பினால் வீட்டுக்கார அம்மா வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்போம். இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, அந்த அம்மா வெளியே நின்று, எங்களைப் பார்த்துச் சொல்லாமல் கிணற்றைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னது: "உள்ள இருக்கறது தெரியுது சாமி. வாடகைக்கு வரல. பழைய சோறு மிச்சமாயிருக்குது, மாட்டுக்கு ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே வரிசையா என்று ரோஷப்பட்டவன் நான் ஒருவன்தான். முதலில் எழுந்து கதவைத் திறந்தவனும் நான்தான்.

ஒப்பந்தம் வந்தது, வேலைக்குத் திரும்பினோம், மாலை போட்டுக்கொண்டோம். நாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தபோதே, ஒரே கூரைக்குக் கீழிருந்த கம்பெனி சத்தமில்லாமல் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், பிரிண்டிங் மூன்றாமவரிடம், தையல் 'பவர் டேபிள்' போட்ட யாரோ ஒருவரிடம், காஜா பட்டன் அவர் மச்சானிடம். ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் டெம்போவில் ஏறி ஊர் முழுக்க உலா வந்தது, உற்சவர் மாதிரி. இனிமேல் கோஷம் போட வேண்டும் என்றால் எந்த கேட்டுக்கு முன்னால் நிற்பது என்பதே தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, என்னோடு கொடி பிடித்தவர்களிலேயே நாலு பேர் அடுத்த ஐந்து வருடத்தில் முதலாளி ஆகிவிட்டார்கள். அவர்களுடைய கம்பெனிகளில் பஞ்சப்படி பற்றி யாரும் பேசக்கூடாது, பேசினால், "எனக்கே சங்கம் சொல்லித் தர்றியா?" என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருந்தது.

1985-ல் ஊரின் மொத்த ஏற்றுமதி 15 கோடி ரூபாய் என்பார்கள். இப்போது சுமார் 40,000 கோடி. நடுவில் 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு தடவை குறைத்தார்கள். நாட்டின் மானம் போயிற்று என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுத, டாலரில் பில் போடும் எங்கள் ஊரில் லட்டு தீர்ந்துபோயிற்று. அந்தக் காற்றில்தான் எனக்கும் இறக்கை முளைத்தது. 1994-ல் மனைவியின் நகைகளை வைத்து எட்டு மிஷின் போட்டேன். 'டாலர் சிட்டி' என்று பெயர் வந்துவிட்ட ஊரில் நானும் ஒரு டாலர் முதலாளி. விசிட்டிங் கார்டு அடித்தேன், ஃபேக்ஸ் நம்பர் போட்டேன், ஃபேக்ஸ் மிஷின் மட்டும் வாங்கவில்லை. பக்கத்து எஸ்டிடி பூத்தின் நம்பர் அது.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பச்சை வந்தது. ஐரோப்பாவில் யாரோ ஒரு பெரிய கடைக்காரருக்குப் பத்தாயிரம் பீஸ். நடுவில் எத்தனை கை மாறி என்னிடம் வந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். தைத்து, அயர்ன் பண்ணி, பெட்டி கட்டிய பிறகு, இது நாங்கள் கேட்ட பச்சை இல்லை என்று பதில் வந்தது. நான் அவர்கள் அனுப்பிய துண்டையும் எங்கள் துணியையும் வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தேன், மரத்தடியில் வைத்துப் பார்த்தேன், டியூப்லைட்டில் வைத்துப் பார்த்தேன். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் பச்சதான மாமா" என்றாள். வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்து, நெல்லின் பச்சைக்கும் கம்பின் பச்சைக்கும் இருட்டில்கூட வித்தியாசம் சொல்லக்கூடிய இரண்டு பேருக்குத் தெரியாத வித்தியாசம் அந்த ஊர்க்காரனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் அவனிடம் சரக்கு அதிகமாகத் தேங்கியிருந்தது என்பதும், சரக்கு தேங்கினால் கண் கூர்மையாகும் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒதுக்கிய சரக்கு விற்கும் காதர்பேட்டையில் அந்தப் பச்சையைக் கிலோ கணக்கில் போட்டேன். அடுத்த ஒரு வருடத்துக்குப் பழனி பாதயாத்திரையில், சந்தையில், ஊர்க் கிரிக்கெட் மைதானத்தில், எங்கே திரும்பினாலும் என் பச்சை. எங்கள் ஊர் வாத்தியார்கூட ஓய்வு பெற்று அதைத்தான் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதில் எந்த எழுத்தும் இல்லை. எனவே அவர் எதையும் வாசிக்கவில்லை.

மிஷின்களை விற்றுவிட்டு, வேறொருவர் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ் ஆனேன். இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. முதலாளியாக இருந்ததைவிட நிம்மதியாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இல்லை.

ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்; தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வேலை முடிந்து நொய்யல் பாலத்தில் நின்றுகொண்டு நானும் சிநேகிதனும் பந்தயம் கட்டுவோம்: நாளைக்கு என்ன கலர் ஓடும்? தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும். சாயப்பட்டறைப் பையன் ஒருவனைக் கைக்குள் போட்டுக்கொண்டதால் நான் பெரும்பாலும் ஜெயித்தேன். ஒரு வாரம் கத்தரிப்பூ, ஒரு வாரம் செம்பருத்தி. அழகாயிருக்கிறது என்றே நினைத்தோம். கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். அதில் வந்து நின்றது எங்கள் பந்தயத் தண்ணீர்தான். அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகள் கெஞ்சிய கதையை இந்த ஆற்றங்கரையில்தான் கேட்கமுடியும். தண்ணீர் இல்லாததால் ஊரை விட்டு ஓடிவந்த நான், தண்ணீர் இருந்த இன்னொருவன் ஊரைக் கெடுத்து டீ குடித்திருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே செத்துவிட்டது என்று அழுதோம். சாகவில்லை. ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு, அழுக்குத் தண்ணீரையே வடித்தெடுத்துத் திரும்பத் திரும்பச் சாயத்துக்கு ஊற்றக் கற்றுக்கொண்டோம். இன்றைக்கு அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கைதட்டுகிறார்கள். நீதிமன்றம் காதைத் திருகிச் செய்யவைத்தது என்ற விவரத்தை மட்டும் நாங்கள் அவர்களிடம் சொல்வதில்லை.

கோட்டா என்று ஒன்று இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் போட்டிருந்த ரேஷன். ரேஷன் என்று வந்தால் கார்டை விற்கிறவர்களும் வருவார்கள் அல்லவா, இங்கேயும் வந்தார்கள். மிஷினே இல்லாமல் கோட்டாவை விற்று மாடி கட்டியவர்கள் உண்டு. 2004 முடிவோடு அது ஒழிந்தபோது, இனிமேல் உலகமே நம் கடை என்று துள்ளினோம். உலகம் பங்களாதேஷ் கடைக்கும் போயிற்று. அவர்களுக்கு ஐரோப்பாவில் சுங்க வரியே கிடையாது, கூலியும் எங்களைவிடக் குறைவு. எங்களைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறது என்று முதலாளிகள் புலம்பியபோது, அந்தக் காலத்தில் எங்களைப் பற்றி எந்த ஊரில் யார் இப்படிப் புலம்பியிருப்பார்கள் என்று யோசித்தேன். வெரோனாவின் ஊரில், அவர் பனியன் வாங்குவதை நிறுத்திவிட்ட ஏதோ ஒரு தையல்கூடத்தில், என் வயதுக் கைமடி ஒருவன் இருந்திருப்பானோ?

2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமான தையல் தொழிலாளிகள் செத்தார்கள். பிறகு எங்கள் கம்பெனிகளுக்கு ஆடிட்காரர்கள் வந்தார்கள், அவசர வழிகளை எண்ணினார்கள், தீயணைக்கும் சிலிண்டரின் தேதியைப் பார்த்தார்கள். அங்கே செத்தவர்களின் புண்ணியத்தில் இங்கே எங்கள் மாடிப்படி அகலமாயிற்று. ஆடிட்டுக்கு முந்தின நாள் எங்களுக்கெல்லாம் பாடம் நடக்கும்: ஓவர்டைம் எவ்வளவு என்று கேட்டால் இப்படிச் சொல், சம்பளம் கேட்டால் அப்படிச் சொல். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன். வந்திருந்த ஆடிட்கார அம்மா பாடத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டார். துபாஷியாக வந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்த வேலையில் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறாங்க."

முப்பது வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதலாளி கேட்டதில்லை, சங்கம் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை. "இருக்கிறேன்" என்று சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. ஆடிட் அறிக்கையில் என்னைப் பற்றி என்ன எழுதினார்களோ.

இப்போது ஊரில் 'ஆட்கள் தேவை' போர்டுகள் இந்தியிலும் தொங்குகின்றன. தன்பாத் ரயில் வந்து நின்றால் உரச்சாக்குப் பைக்குப் பதிலாக முதுகுப் பையோடு பையன்கள் இறங்குகிறார்கள். முகம் மட்டும் அதே முகம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். எங்கள் பிள்ளைகள் யாரும் மிஷினில் உட்காரத் தயாரில்லை. என் பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பெங்களூரில் வேறு ஏதோ தேசத்துக்காரனுக்கு ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான், அதாவது குடும்பத் தொழிலை விடவில்லை. நான் சேர்த்த காசில் வாங்கிய நாலு சென்ட்டில் நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆமாம், 127 நாள் கொடி பிடித்தவன் இப்போது வீட்டுக்காரன். மாதம் திரும்பினால் நான் வருகிற செருப்புச் சத்தம் கேட்டு உள்ளே செல்போன் பாட்டு நின்றுபோகிறது.

2025 விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27-ல் வந்தது. அதே நாளில்தான் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. இந்த ஊர்ச் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. விக்னங்களை நீக்குகிற சாமிக்குக் கொழுக்கட்டை வைத்துவிட்டுப் பார்த்தால், பெட்டி கட்டிய சரக்கு கம்பெனி வாசலிலேயே நிற்கிறது, ஆர்டரை நிறுத்தி வையுங்கள் என்று மெயில் வருகிறது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆயிற்று, பிறகு வாரத்துக்கு நாலு ஷிப்ட், பிறகு மூன்று. கடைசி வீட்டில் இருக்கும் ஒடிசாப் பையன்கள் மூன்று பேரும் இரண்டு மாதமாக வாடகை தரவில்லை.

"நாலு வீட்டுல ஒரு வீடு போனா பேங்குக் கடனுக்கு என்ன பண்றது? போய்க் கேட்டுட்டு வாங்க மாமா" என்று வாடகை நோட்டை என் கையில் திணித்தாள் மனைவி. நியாயம்தானே. போனேன். வழி நெடுக வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த இந்தி பத்துச் சொல், அவர்களுக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல். அதில் வாடகை என்ற சொல் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கா தெரியாது?

தட்டவில்லை. அங்கே கிணறு இல்லாததால், சின்டெக்ஸ் தொட்டியைப் பார்த்து ஒரு தடவை கனைத்தேன். பெரியவன் கதவைத் திறந்தான். தரையில் மூன்று தட்டு, தண்ணீர் ஊற்றிய சோறு, வெங்காயம், பச்சைமிளகாய், மசித்த உருளைக்கிழங்கில் கடுகெண்ணெய் வாசம். "பகாளா, அங்கிள்" என்றான் ஒருவன் கூச்சத்தோடு, ஏதோ தப்பு செய்து அகப்பட்டவன் மாதிரி. இன்னொருவன் எழுந்து நாலாவது தட்டு எடுத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்தியில் சொல் தெரியும், ஆனால் நேரத்துக்கு வரவில்லை. சின்னவன் போட்டிருந்த பனியனில் நெஞ்சு முழுக்க ஆங்கில எழுத்து. என்ன அர்த்தம் என்று கைஜாடையில் கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையாட்டினான். கடுகெண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை அலமாரியில் வைத்தேன்.

"என்ன மாமா, குடுத்தானுங்களா?"

"குடுத்தானுங்க. பழைய சோறு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்து மோந்து பார்த்தாள். நோட்டைத் திறந்து, அந்த வீட்டுக்கு நேரே இரண்டு மாதத்துக்கும் ஒரு கோடு இழுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"இத்தாலிக்காரருக்கு வயிறு நெறஞ்சுருச்சு, சரி. கரண்டு பில்லு மட்டும் நான் விடமாட்டேன், ஆமா."